தீட்டிய தானியங்களுக்குத் தட்டில் எப்போது, எவ்வளவு இடம்: ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளை அரிசி, ரவை, சேமியா, மைதா ஆகியவற்றைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு வகைப் பேச்சுகளே பெரும்பாலும் கேட்கின்றன. வெள்ளையாக இருப்பதெல்லாம் நஞ்சு என்பார் ஒருவர். எங்கள் தாத்தா மூன்று வேளையும் சோறு உண்டு தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார் என்பார் மற்றொருவர். உண்பவருடைய வயது, வேலை, நோய், தட்டின் அளவு ஆகிய எதையும் விசாரிக்காமலேயே இருவரும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

என் தந்தைக்குக் குடலில் அறுவை சிகிச்சை நடந்து அவர் வீடு திரும்பியபோது, உடம்பு தேற வேண்டுமே என்ற அக்கறையில் கைக்குத்தல் அரிசிச் சோறும் கீரையும் சுண்டலும் கொடுத்தோம். வயிற்று வலியும் உப்புசமும் அவரைப் பாடாய்ப் படுத்தின. உணவியல் நிபுணர் அவற்றை நிறுத்திவிட்டு, சில வாரங்களுக்குக் குழைந்த வெள்ளைச் சோறும் இட்லியும் மட்டுமே கொடுக்கச் சொன்னார். இரண்டே நாளில் அவர் நன்றாக உறங்கத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய இரத்தச் சர்க்கரை ஏறியபோது, அதே வெள்ளைச் சோற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருந்தது. மனிதர் ஒருவர்தான், அரிசியும் ஒன்றுதான். ஆனால் சரியான விடை வேறாக இருந்தது. அந்த விடையை ஒவ்வொருவரும் தமக்கென்று கண்டுகொள்வதற்கான வழியைப் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன். சர்க்கரை நோய், சிறுநீரக நோய், குடல் நோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுபவர்கள், எந்த மாற்றத்தையும் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்.

முதல் படி: எது தீட்டியது என்று அறிந்துகொள்ளுங்கள்

எந்தத் தானிய மணியிலும் மூன்று பகுதிகள் உண்டு. வெளியே தவிட்டு அடுக்கு, ஒரு முனையில் முளைக்கரு, நடுவில் மாவுப்பகுதி. நெல்லின் உமியை மட்டும் நீக்கினால் கிடைப்பது பழுப்பு அரிசி. அதன் தவிட்டையும் முளைக்கருவையும் ஆலையில் தீட்டி எடுத்துவிட்டால் கிடைப்பது வெள்ளை அரிசி. தவிட்டோடும் கருவோடும் நார்ச்சத்தில் ஒரு பங்கும், தயாமின் என்னும் வைட்டமின் பி1, நியாசின், மக்னீசியம், இரும்பு ஆகியவற்றில் பெரும்பங்கும் போய்விடுகின்றன. மாவுச்சத்தும் புரதத்தின் பெரும்பகுதியும் அப்படியே தங்குகின்றன.

இந்த இழப்பு எவ்வளவு கடுமையானதாக இருக்க முடியும் என்பதை உலகம் அறிந்துகொண்டது, வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயின் வழியாகத்தான். 1890களில் ஜாவாத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளுக்குக் கால்கள் விளங்காமல் போவதையும், தவிடு நீக்காத அரிசிக்கு மாறியதும் அவை தேறுவதையும் கண்டார். தீட்டிய அரிசியில் நஞ்சு ஏதோ இருக்கிறது என்றே அவர் முதலில் கருதினார். அதில் இருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் போனதுதான் காரணம் என்று அவருக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ் 1901இல் விளக்கினார். 1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் பக்கத்திலும் இந்த வரலாற்றுக்கு ஒரு கிளை உண்டு. இன்று ஐதராபாதில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசனின் தலைமையில், பெரிபெரியை ஆராயும் சிறு பிரிவாகத்தான் பிறந்தது.

அன்றைய சென்னை மாகாணத்தில் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட ஆந்திரக் கடற்கரையில் பெரிபெரி பரவியிருந்தபோது, புழுங்கல் அரிசியை உண்ட தமிழ்ப் பகுதிகள் பெரும்பாலும் தப்பின. நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது, தவிட்டிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி மாவுப்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. ஆகவே தீட்டிய அரிசிகளுக்குள்ளும் தரவேறுபாடு உண்டு என்பதையும், அன்றாடச் சோற்றுக்குப் பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசி மேலானது என்பதையும் முதலில் மனத்தில் கொள்ளுங்கள்.

மைதாவும் ரவையும் சேமியாவும் கோதுமையிலிருந்து தவிடும் கருவும் நீங்கியவை. கடையில் விற்கும் வெள்ளை அவல், பொரி, இட்லி அரிசி, இடியாப்ப மாவு ஆகியவையும் தீட்டியவையே. சிறுதானியம் என்றாலே முழுத்தானியம் என்று எண்ணிவிட வேண்டாம். சாமை, குதிரைவாலி, வரகு, தினை ஆகியவற்றை உமி நீக்கிய பிறகு மேலும் தீட்டி விற்பது இப்போது மிகச் சாதாரணம். மணி வெண்மையாகவும் வழவழப்பாகவும் இருந்து விரைவில் வெந்துவிட்டால், தவிடு பெரும்பாலும் போய்விட்டது என்று கொள்ளலாம். கேழ்வரகையும் கம்பையும் வீட்டில் முழுதாக அரைத்தால் இந்த ஐயத்துக்கு இடமில்லை.

பொட்டலங்களில் முன்பக்கத்து வாசகத்தை நம்பாமல், பின்பக்கத்திலுள்ள சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும்படி அதை எழுத வேண்டும் என்பது விதி. கோதுமை ரொட்டி, ராகி பிஸ்கட், மல்டிகிரெய்ன் நூடுல்ஸ் என்று எந்தப் பெயர் இருந்தாலும், பட்டியலின் முதல் பொருள் மைதா அல்லது சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு என்றிருந்தால் அது தீட்டிய தானியப் பண்டமே.

இரண்டாம் படி: மூன்று நாள் அளந்து பாருங்கள்

எவ்வளவு உண்கிறோம் என்று தெரியாமல் குறைப்பதோ கூட்டுவதோ இயலாது. இரண்டு வேலை நாள், ஒரு விடுமுறை நாள் என மூன்று நாள்களுக்கு, வாயில் வைக்கும் தானியம் அனைத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சோறு வெந்தபின் அரிசியின் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மடங்கு ஆகும். எனவே 300 கிராம் சோறு என்பது சுமார் 100 முதல் 120 கிராம் அரிசி. இட்லி தோசைக்கு, மாவாட்டும் நாளில் போட்ட அரிசியின் எடையை, அந்த மாவில் கிடைத்த இட்லிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் உங்கள் வீட்டுக் கணக்கு கிடைத்துவிடும். மாலையில் தேநீரோடு தின்னும் பிஸ்கட், ரஸ்க், முறுக்கு, பஜ்ஜி மாவில் கலந்த அரிசி மாவு ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது.

காலையில் இட்லி, நண்பகலில் குழம்பு, ரசம், மோர் என்று மூன்று முறை சோறு, மாலையில் பிஸ்கட், இரவில் தோசை என்று உண்பவர் கூட்டிப் பார்த்தால் அது சமைக்காத எடையில் 350, 400 கிராமைத் தாண்டுவதைக் காண்பார். அவர் வேண்டுமென்றே அதிகமாக உண்ணவில்லை. நம் உணவு முறையில் ஒவ்வொரு வேளையும் அரிசியே தலைமை தாங்குவதால் அப்படி ஆகிவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படுபவருக்குத் தானியமும் சிறுதானியமும் சேர்த்து 250 கிராம் (சமைக்காத எடை) போதும் என்றும், மொத்த ஆற்றலில் 45 விழுக்காட்டுக்கு மேல் தானியத்திலிருந்து வரக் கூடாது என்றும் கூறுகின்றன. அதே தட்டில் பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் இடம்பெறுகின்றன. பெரும்பாலான வீடுகளில் தானியம் மிகுந்திருப்பதைவிட, பருப்பும் காயும் இந்த அளவில் பாதிகூட இல்லாததே பெரிய குறையாக இருக்கும் என்பது என் கணிப்பு.

மூன்றாம் படி: உங்கள் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

தீட்டிய தானியம் வயிற்றில் விரைவாகச் செரித்து, இரத்தத்தில் சர்க்கரையை விரைவாக ஏற்றுகிறது. சென்னையில் அளந்தபோது, பொன்னி, சோனா மசூரி, சூர்த்தி கோலம் ஆகிய மூன்று அரிசிகளுக்கும், இந்த ஏற்றத்தின் அளவைக் காட்டும் கிளைசீமிக் குறியீடு 70 அல்லது அதற்கு மேலாகவே, அதாவது உயர்ந்த வரிசையிலேயே வந்தது. ஏறும் சர்க்கரையை உடல் எப்படிக் கையாள்கிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருக்கிறது.

பின்வருவனவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினாலும், தீட்டிய தானியத்துக்கு ஓர் உச்ச வரம்பு தேவைப்படும்: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான எச்பிஏ1சி 5.7 அல்லது அதற்கு மேல் இருப்பது, இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டுவது, டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு கூடியிருப்பது, கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பது, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருப்பது, கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்திருப்பது.

இந்த எச்சரிக்கைக்கு அடிப்படை உண்டு. 21 நாடுகளில் நடந்த பியூர் ஆய்வின் 2020ஆம் ஆண்டு முடிவுகளில், நாளொன்றுக்கு 450 கிராம் அல்லது அதற்கு மேல் வெள்ளைச் சோறு உண்டவர்களுக்கு, 150 கிராமுக்கும் குறைவாக உண்டவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அந்த வேறுபாடு தெற்காசியாவில்தான் மிகப் பெரிதாக, ஏறத்தாழ 60 விழுக்காடு என்ற அளவில் காணப்பட்டது. அதே ஆய்வின் 2021ஆம் ஆண்டு முடிவுகள், நாளொன்றுக்கு 350 கிராமுக்கு மேல் தீட்டிய கோதுமைப் பண்டங்களை உண்டவர்களிடம் இதய நோயும் இறப்பும் கூடுதலாக இருந்ததைக் காட்டின. வெள்ளை அரிசிக்கு அப்படிப்பட்ட தெளிவான தொடர்பு அந்தப் பகுப்பாய்வில் தென்படவில்லை. இவை மக்களைப் பின்தொடர்ந்து கவனித்த ஆய்வுகள். இதனால்தான் இது என்று அறுதியிட்டுச் சொல்லும் சோதனைகள் ஆகமாட்டா. ஆயினும் இரண்டிலும் தொல்லை மிக உயர்ந்த அளவுகளில் தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். 150 கிராம் சோறு உண்பவரையும் 450 கிராம் சோறு உண்பவரையும் ஒரே கூண்டில் நிறுத்துவதற்கு இந்த ஆய்வுகளில் இடமில்லை.

மேற்கண்ட தொல்லைகள் ஏதுமின்றி, உடலுழைப்போடு வாழ்பவர் தம் தானியத்தில் பாதியளவைத் தீட்டியதாக வைத்துக்கொள்ளலாம். உண்ணும் தானியத்தில் குறைந்தது பாதியாவது முழுத்தானியமாக இருக்கட்டும் என்று அமெரிக்க உணவு வழிகாட்டுதல்கள் 2005 முதல் பல ஆண்டுகள் கூறிவந்ததும் மறுபாதிக்கு இடம் கொடுத்துத்தான். சர்க்கரை ஏறியவர்களுக்கு நான் சொல்வது கால் பங்கு. அதுவும் நாளில் ஒரு வேளைக்கு மட்டும், நண்பகலில்.

நான்காம் படி: தீட்டிய தானியமே ஏற்றதாகும் சூழல்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்

முழுத்தானியத்தைப் போற்றும் எழுத்துகளில் இந்தப் பகுதி விடுபட்டுவிடுகிறது. அதனால் துன்பப்படுபவர்கள் நோயாளிகளும் குழந்தைகளும் முதியவர்களுமே என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

குடல் ஓய்வு தேடும் காலங்கள் முதலில் வருகின்றன. கிரோன் நோயோ பெருங்குடல் அழற்சியோ தீவிரமாக இருக்கும்போதும், குடலில் சுருக்கம் ஏற்பட்டிருக்கும்போதும், குடல் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வாரங்களிலும், நார் மிகுந்த தவிடும் தோலும் புண்பட்ட குடலை உரசி, வலியையும் சில வேளைகளில் அடைப்பையும் உண்டாக்கலாம். குழைந்த வெள்ளைச் சோறு, இட்லி, ரவைக் கஞ்சி, இடியாப்பம் ஆகியவை அப்போது பொருந்தும். பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் பார்ப்பதற்கு முந்தைய ஓரிரு நாள்களில் மருத்துவமனைகள் நார் குறைந்த உணவையே உண்ணச் சொல்கின்றன. அந்த நாள்களில் கேழ்வரகுக் களி உண்டவருடைய குடல் சரியாகச் சுத்தமாகாமல், பரிசோதனையையே மறுபடி செய்ய நேரிடலாம்.

வயிற்றுப்போக்கின்போது அரிசிக் கஞ்சிக்கு நிகரான உணவு குறைவு. அரிசி மாவைக் கொண்டு செய்த நீரேற்றக் கரைசல், காலரா நோயாளிகளுக்கு வெளியேறும் மலத்தின் அளவைக் குறைத்ததை ஆய்வுகளே காட்டியுள்ளன. ஆனால் வீட்டுக் கஞ்சியில் உப்பின் அளவு சீராக இருக்காது என்பதால், ஓஆர்எஸ் கரைசலைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே கஞ்சியை உணவாகத் தர வேண்டும். குழந்தையைப் பட்டினி போடக் கூடாது. காய்ச்சலில் நாக்கு கசந்து கிடப்பவருக்கும், கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் காலையில் குமட்டும் பெண்ணுக்கும் பொரியோ ரஸ்க்கோ வயிற்றில் தங்கினால் அதுவே அந்த நேரத்துக்குச் சரியான உணவு.

ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கும் குழந்தையின் இரைப்பை, உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளும். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது ஒரு பெரிய டம்ளர் அளவு. அந்தச் சிறிய இடத்தைத் தவிட்டால் நிரப்பிவிட்டால், வளர்ச்சிக்கு வேண்டிய ஆற்றலுக்கு இடமிருக்காது. நம் பாட்டிமார்கள் கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டி, அந்தப் பாலைக் காய்ச்சிக் கூழாக ஊட்டியதன் நுட்பம் இங்கேதான் விளங்குகிறது. தவிட்டைத் துணியில் நிறுத்திய அந்தக் கூழ், வீட்டிலேயே செய்த தீட்டிய தானிய உணவுதான். குழைத்த பருப்புச் சாதத்தில் ஒரு கரண்டி நெய் விட்டு ஊட்டுவதும் அதே கணக்கில் சேரும். ஒரு வயதுக்குப் பிறகு, குழந்தை மென்று பழகப் பழக, முழுத்தானியத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

பற்கள் விழுந்து, பசி மங்கி, எடை குறைந்துகொண்டே வரும் முதியவருக்கு, அவருடைய பிள்ளைகள் இணையத்தில் படித்துவிட்டு வரகுச் சோறு வைக்கும்போது, அவர் இரண்டு கவளத்தோடு எழுந்துவிடுவார். அந்த வயதில் எடை குறைவதும் தசை கரைவதும், அரிசியின் கிளைசீமிக் குறியீட்டைவிட அவசரமான ஆபத்துகள். நன்கு குழைந்த வெள்ளை அரிசிப் பொங்கலில் பாசிப்பருப்பைக் கூட்டிப்போட்டு, முட்டையோ தயிரோ உடன் வைத்து, அவர் விரும்பி உண்ணும்படி செய்வதே நல்லது.

உடல் வலிமையைச் செலவழித்து வாழ்பவர்கள் வேறு வகை. ஓட்டப் பயிற்சிக்கோ போட்டிக்கோ இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக உண்ணும் இட்லியோ அவலோ விரைவில் செரித்து வயிற்றைப் பாரமின்றி வைக்கும்; முழுத்தானியமும் சுண்டலும் ஓடும்போது வயிற்றைப் பிசையும். ஒரே நாளில் இரண்டு முறை கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்கு, முதல் பயிற்சி முடிந்த நான்கு மணி நேரத்துக்குள், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 1.2 கிராம் வரை மாவுச்சத்து தேவை என்று விளையாட்டு உணவியல் கூறுகிறது. அதற்கு வெள்ளைச் சோறு மிகப் பொருத்தம். நாற்று நடுபவர், மூட்டை சுமப்பவர், கட்டடத்தில் சித்தாள் வேலை பார்ப்பவர் ஆகியோரின் உடலும் அப்படித்தான் உழைக்கிறது. நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவருக்கு எழுதிய அளவை அவர்கள் மீது சுமத்துவது அநியாயம்.

சிறுநீரக நோய் முற்றி, இரத்தத்தில் பொட்டாசியமோ பாஸ்பரஸோ ஏறியிருப்பவர்களுக்குச் சில சமயம் வெள்ளை அரிசியே பரிந்துரைக்கப்படுகிறது. தவிட்டில் இவ்விரண்டும் மிகுதி. ஆயினும் எல்லாச் சிறுநீரக நோயாளிகளுக்கும் இது பொருந்தாது. இரத்தப் பரிசோதனையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கோதுமையின் குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோய் உள்ளவருக்கு, முழுக்கோதுமைச் சப்பாத்தி கேடு. வெள்ளை அரிசி பாதுகாப்பு. எது முழுமையானது என்ற கேள்வி அவருக்கு அடுத்தபடியானதே.

இரத்தசோகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. தவிட்டில் இரும்பு கூடுதலாக இருந்தாலும், அங்கேயே இருக்கும் ஃபைட்டேட் என்னும் பொருள் இரும்பையும் துத்தநாகத்தையும் உடல் ஈர்த்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவை இந்தத் தடையைக் குறைக்கின்றன. உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்வதும், உணவை ஒட்டிக் காப்பி, தேநீர் குடிக்காதிருப்பதும் உதவும். பொது விநியோகத் திட்டத்தில் அண்மை ஆண்டுகளில் வழங்கப்பட்ட செறிவூட்டிய அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம் சேர்க்கப்பட்டன. நூறு மணிக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்திருக்கும் அந்தச் செறிவூட்டிய மணிகள் நிறத்தில் சற்று மாறுபடுவதால், பிளாஸ்டிக் அரிசி என்று அஞ்சிப் பலர் பொறுக்கி எறிந்துவிடுகிறார்கள். அவை அரிசி மாவில் சத்தைக் கலந்து அரிசி வடிவில் செய்தவை, எறிய வேண்டாம். தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் இந்த அரிசியை உண்பது பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: அரிசியின் அருகில் என்ன இருக்கிறது என்பதைத் திருத்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் உங்களால் பின்பற்ற முடியும் என்றால், அது இந்தப் படியாக இருக்கட்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார்ச்சத்து ஏறத்தாழ 3 கிராம். தீட்டிய புழுங்கல் அரிசியில் சற்றே கூடுதல். பழுப்பு அரிசியில் ஏறத்தாழ 4.5 கிராம். அதாவது வெள்ளை அரிசியிலிருந்து பழுப்பு அரிசிக்கு மாறினால் கிடைக்கும் கூடுதல் நார் ஒன்றரை கிராம்தான். ஆனால் 100 கிராம் கொண்டைக்கடலையில் 25 கிராம் நார் இருக்கிறது. 50 கிராம் கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் அதிலேயே 12 கிராம் வந்துவிடும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் கூறியதை இதோடு வைத்துப் பார்த்தால், அரிசியை மாற்றுவதைவிட அரிசிக்குத் துணையாக வருவதை மாற்றுவது எவ்வளவு பயன் தரும் என்பது புலப்படும். கோதுமையில் நிலைமை வேறு: மைதாவில் ஏறத்தாழ 3 கிராம் நார் என்றால், முழுக்கோதுமை மாவில் 11 கிராம். ஆகவே கோதுமையைப் பொறுத்தவரை தீட்டியதைக் கைவிடுவதில் ஆதாயம் பெரிது; அரிசியைப் பொறுத்தவரை அளவும் துணையும் முதன்மையானவை.

தட்டில் பாதியைக் கீரை, பொரியல், கூட்டு ஆகியவற்றுக்கும், கால் பங்கைப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி போன்றவற்றுக்கும், எஞ்சிய கால் பங்கைச் சோற்றுக்கும் கொடுங்கள். உருளைக்கிழங்கு வறுவலைக் காய்கறிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்னும் புரதக்கூறு பருப்பு வகைகளில் நிறைவாக இருப்பதால், இட்லியில் உளுந்தும் பொங்கலில் பாசிப்பருப்பும் சேர்வது சுவைக்காக மட்டும் நேர்ந்த சேர்க்கை ஆகாது. அந்தப் பருப்பின் அளவை இன்னும் கூட்டலாம். ரவை உப்புமாவிலும் சேமியாவிலும், ரவைக்குச் சமமான அளவுக்குக் கேரட், பீன்ஸ், பட்டாணி போட்டால் அதே பண்டம் வேறாகிவிடும்.

உண்ணும் வரிசையும் உதவுகிறது. காயையும் பருப்பையும் முதலில் உண்டு, மாவுச்சத்தைப் பின்னால் உண்டவர்களுக்கு உணவுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக ஏறியதைச் சிறு சோதனைகள் காட்டியுள்ளன. நம் முறையில் இதை எளிதாகச் செய்யலாம்: இலையில் சோறு விழுவதற்கு முன்பே கூட்டையும் பொரியலையும் பாதி உண்டுவிடுங்கள். குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை சோறு போட்டுக்கொள்ளும் பழக்கத்தை விட வேண்டாம். மூன்றுக்கும் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே கிண்ணத்தில் அளந்து எடுத்துக்கொண்டு, அதைப் பிரித்து உண்ணுங்கள். ரசத்தையும் மோரையும் டம்ளரில் ஊற்றிக் குடித்தாலும் நிறைவு வரும். உண்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது சர்க்கரையின் ஏற்றத்தைத் தணிக்கும்.

சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது என்பது உண்மை. இதைக் கேட்டுப் பழைய சோற்றைச் சர்க்கரை நோய்க்கு மருந்தாகக் கருதிவிடுபவர்கள் உண்டு. மாற்றம் சிறியது, அளவு இங்கும் பொருந்தும். மேலும், ஆறிய சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமி பெருகி உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. குளிரூட்டியில் வைக்க நினைக்கும் சோற்றை வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் வைத்துவிடுங்கள். பழையதாக்குவதாயின் சோறு ஆறியவுடன் சுத்தமான நீர் ஊற்றி மூடி, மறுநாள் காலையிலேயே உண்டுவிடுங்கள்.

பரோட்டா, நாண், பப்ஸ், கேக் போன்றவற்றில் தீட்டிய மாவோடு எண்ணெயோ வனஸ்பதியோ சர்க்கரையோ மிகுந்த அளவில் சேர்கிறது. மேலே சொன்ன எந்தச் சலுகையும் இவற்றுக்கு நீளாது. எப்போதாவது ஒருநாள் என்ற அளவில் நிற்கட்டும்.

ஆறாம் படி: மாற்றத்தை மெல்லச் செய்யுங்கள்

வரம்பு தேவை என்று முடிவு செய்தவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் வயிறு உப்பும், வீட்டில் பூசல் எழும், இரண்டு வாரத்தில் பழைய நிலை திரும்பும். முதல் இரண்டு வாரம் சோற்றில் கால் பங்கை மட்டும் குறைத்து, அந்த இடத்தைக் காயால் நிரப்புங்கள். அடுத்த இரண்டு வாரம் இரவு உணவை மட்டும் முழுத்தானியத்துக்கு மாற்றுங்கள்: கேழ்வரகு அடை, கம்பு தோசை, முழுக்கோதுமைச் சப்பாத்தி. அதன் பிறகு, விரும்பினால், பழுப்பு அரிசியையோ மாப்பிள்ளைச் சம்பாவையோ தனியாகச் சில மணி நேரம் ஊறவைத்து வேகவைத்துச் சோற்றில் கால் பங்காகக் கலந்து பழகலாம். நார் கூடும்போது குடிக்கும் நீரும் கூட வேண்டும். கூடாவிட்டால் மலச்சிக்கலே வரும்.

தவிட்டில் எண்ணெய் இருப்பதால் பழுப்பு அரிசியும் கம்பு மாவும் விரைவில் சிக்கு வாடை பிடிக்கும்; ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் வாங்காதீர்கள். அரிசியிலுள்ள ஆர்சனிக்கும் தவிட்டில்தான் கூடுதலாகத் தங்குகிறது என்பதால், முழுத்தானியம் முழுவதையும் பழுப்பு அரிசியாகவே உண்ணாமல், கேழ்வரகு, கம்பு, சோளம், கோதுமை என்று மாற்றி மாற்றி உண்பது பாதுகாப்பானது. வெள்ளை அரிசியைச் சமைக்கும்போது பலமுறை தேய்த்துக் கழுவுவதும், மிகுந்த நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும், ஏற்கெனவே குறைந்துவிட்ட தயாமினை மேலும் குறைக்கும். கஞ்சியை வடித்தே பழகியவர்கள் அதை ரசத்திலோ குழம்பிலோ சேர்த்துவிடலாம்.

ஏழாம் படி: மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்

எச்பிஏ1சி, டிரைகிளிசரைடு, இடுப்புச் சுற்றளவு, எடை ஆகிய நான்கையும் தொடக்கத்தில் குறித்துவைத்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் அளந்து ஒப்பிடுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்கள் அதற்கு முன்னதாகவே ஒரு சோதனை செய்யலாம்: ஒரு நாள் வழக்கமான அளவுச் சோற்றை உண்டும், மற்றொரு நாள் அதே சோற்றைப் பாதியாக்கிக் காயும் சுண்டலும் சேர்த்து உண்டும், முதல் கவளத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். உங்கள் உடல் தரும் அந்த இரண்டு எண்கள், எந்தப் பொது அறிவுரையையும்விட உங்களுக்குப் பொருத்தமானவை. சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள், மாவுச்சத்தைக் குறைப்பதற்கு முன்பே மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசியாக வேண்டும். இல்லையேல் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம்.

குடல் நோய்க்காகவோ அறுவை சிகிச்சைக்காகவோ நார் குறைந்த உணவுக்குச் சென்றவர்கள் அதிலேயே தங்கிவிடாமல், எப்போது திரும்பலாம் என்று மருத்துவரிடம் நாள் குறித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். என் தந்தைக்கு ஆறாவது வாரத்தில், தோல் நீக்கி நன்கு வெந்த சுரைக்காயிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். அடுத்து பாசிப்பருப்பு, பிறகு மசித்த கீரை, கடைசியாகக் கேழ்வரகு. ஒவ்வொன்றையும் சேர்த்தபின் மூன்று நாள் பொறுத்து, வயிறு அமைதியாக இருந்தால் மட்டும் அடுத்ததற்குச் சென்றோம்.